விளையாட்டிலும் வேண்டாம் அந்தச் சொல்!

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன்.

ஐந்து சீட்டு. ஐந்து பெயர். குலுக்கிப் போடுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். போலீஸ் சீட்டு கிடைத்தவன், திருடன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விளையாட்டு தெரியாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும். காசு செலவு இல்லை.

இந்த விளையாட்டில் ஒரு பெரிய நீதி இருக்கிறது. அது என்ன?

முதல் ஆட்டத்தில் திருடனாக இருந்தவன், அடுத்த ஆட்டத்தில் ராஜா ஆகலாம். ராஜாவாக இருந்தவன் திருடன் ஆகலாம். திருட்டு சீட்டில் இருக்கிறது. பிறப்பில் இல்லை! ஆட்டம் முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். திருடனும் போலீசும் தோளில் கை போட்டுக்கொண்டு சாப்பிடப் போவார்கள்.

எல்லா விளையாட்டும் இப்படி இல்லை.

சில விளையாட்டுகளில், "நீ இந்த இனத்தில் பிறந்தவன். ஆகவே நீ கெட்டவன்" என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். "உன் அப்பா ஓர் இனம், அம்மா வேறு இனம். ஆகவே நீ பாதி ஆள்" என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு விளையாட்டைப் பற்றி அமெரிக்காவில் பெரிய விவாதம் நடந்தது. அந்த விவாதம் பெருமாநல்லூர் தெருவுக்கும் பொருந்தும். எப்படி என்று பார்ப்போம்.

மேஜை மேல் ஒரு கூத்து

1974-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு விளையாட்டு வெளிவந்தது. அதன் பெயர் "டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்". கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள்.

அது எப்படிப்பட்ட விளையாட்டு?

நம் ஊர்க் கூத்து போன்றது என்று சொல்லலாம். ஆனால் மேடை இல்லை. அரிதாரம் இல்லை. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவர்தான் கூத்து வாத்தியார் மாதிரி. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவன் வீரன். ஒருத்தி மந்திரக்காரி. ஒருவன் பூட்டை உடைப்பவன்.

"முன்னால் ஒரு குகை இருக்கிறது. உள்ளே உறுமல் கேட்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று வாத்தியார் கேட்பார். ஆடுகிறவர்கள் பதில் சொல்வார்கள். பகடை உருட்டுவார்கள். அதில் 20 முகம் உள்ள பகடையும் உண்டு. விழும் எண்ணைப் பொறுத்துக் கதை நகரும்.

நல்ல விளையாட்டுதான். கற்பனை வளரும். நாலு பேர் கூடிப் பேசிச் சிரிக்கலாம். உலகம் எங்கும் அது பரவியது. இன்று கம்ப்யூட்டரில் ஆடும் எத்தனையோ விளையாட்டுகளுக்கு அதுதான் பாட்டி.

ஆனால் அந்த விளையாட்டில் ஒரு முள் இருந்தது.

பிறந்த போதே எழுதிய கணக்கு

வேடம் எடுக்கும்போது இனத்தையும் சொல்ல வேண்டும். மனிதனா? குள்ளர் இனமா? காட்டில் வாழும் அழகான "எல்ஃப்" இனமா? இப்படி ஒரு பட்டியல் இருந்தது.

"ஓர்க்" என்று ஓர் இனம். நம் கதைகளில் வரும் அரக்கர் போன்றது. முரட்டு இனம், கெட்ட இனம் என்று எழுதி வைத்திருந்தார்கள். எல்ஃப் இனத்திலேயே ஒரு கிளைக்குக் கறுத்த தோல். அந்தக் கறுப்பு எல்ஃப்கள் கொடியவர்கள் என்று எழுதியிருந்தார்கள். வெளுத்தவர் நல்லவர், கறுத்தவர் கெட்டவர்!

1978-ம் ஆண்டு வெளியான விதிப் புத்தகத்தில் ஓர் அட்டவணையே இருந்தது. எந்த இனத்துக்கு எந்த இனத்தைப் பிடிக்கும், எந்த இனத்துக்கு எந்த இனத்தின் மேல் வெறுப்பு என்று அதில் கட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

அதே புத்தகத்தில் "பாதி எல்ஃப்", "பாதி ஓர்க்" என்ற வேடங்களும் இருந்தன. மனிதருக்கும் எல்ஃபுக்கும் பிறந்த பிள்ளை "பாதி எல்ஃப்". மனிதருக்கும் ஓர்க்குக்கும் பிறந்த பிள்ளை "பாதி ஓர்க்". பாதி ஓர்க் வேடம் எடுத்தால் உடல் பலத்துக்கு மார்க் கூடும். பிறரைக் கவரும் குணத்துக்கு மார்க் குறையும். அந்தப் பிள்ளை என்ன செய்தான், எப்படி நடந்தான் என்ற பேச்சே இல்லை. பிறந்தவுடன் கணக்கு முடிந்தது!

நம் நாட்டையும் அவர்கள் விடவில்லை. 1977-ம் ஆண்டு வந்த அவர்களுடைய பூதங்கள் புத்தகத்தில் "ராட்சசன்" இருக்கிறான். படமும் உண்டு. புலித் தலை. உடம்பில் அங்கி. கையில் புகைக் குழாய்! இந்தியாவில் தோன்றிய தீய ஆவி என்று அறிமுகம். கடோற்கசனைத் தெரிந்த நம் குழந்தைகள் அந்தப் படத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள்.

கம்பெனி மனம் மாறியது

2020-ம் ஆண்டு ஜூன் மாதம், அந்த விளையாட்டை வெளியிடும் கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. ஓர்க்குகளையும் கறுப்பு எல்ஃப்களையும் வர்ணித்த விதம், உண்மை உலகில் சில மக்களை இழிவுபடுத்திய பேச்சைப் போலவே இருக்கிறது என்று அது ஒப்புக்கொண்டது.

2022-ம் ஆண்டு டிசம்பரில், "இனம்" என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லையே எடுத்துவிடுவதாக அறிவித்தது. அதற்குப் பதிலாக "உயிர்வகை" என்ற பொருள் தரும் சொல் வந்தது.

2024-ம் ஆண்டு புதிய விதிப் புத்தகம் வெளிவந்தது. ஓர்க் இனத்துக்கு அதில் மற்றவர்களோடு சமமாக இடம் கிடைத்தது. ஆனால், பாதி எல்ஃபையும் பாதி ஓர்க்கையும் பட்டியலில் காணோம்! "பாதி" என்று சொல்வதே தவறு என்பது கம்பெனி தரப்பில் சொன்ன காரணம். வேண்டுமானால் பழைய புத்தகத்தை வைத்து ஆடிக்கொள்ளலாம் என்றார்கள்.

இங்கேதான் விவாதம் சூடு பிடித்தது.

கலப்புக் குடும்பத்தில் பிறந்தவர்கள் சிலர் சந்தோஷப்பட்டார்கள். "பாதி என்ற சொல் ஒழிந்தது. நல்லது" என்றார்கள்.

அதே போன்ற குடும்பத்தில் பிறந்த வேறு சிலர் வருத்தப்பட்டார்கள். "அந்த விளையாட்டில் எங்களைப் போல ஒரு ஆள் இருந்தான். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன். இரண்டு வீட்டிலும் அந்நியன். அவனை வைத்துத்தான் எங்கள் கதையைச் சொன்னோம். சொல்லை எடுக்கச் சொன்னால், ஆளையே எடுத்துவிட்டார்களே!" என்றார்கள்.

அதற்கு முன்பு, 2022-ம் ஆண்டு வெளியிட்ட ஒரு வெள்ளோட்ட விதி இன்னும் வேடிக்கை. இரண்டு இனத்துக்குப் பிறந்த பிள்ளை, தோற்றத்தில் இரண்டையும் கலந்துகொள்ளலாம். ஆனால் குணமும் திறமையும் அப்பா பக்கமா, அம்மா பக்கமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்!

இந்தக் கேள்வியைக் கேட்டிராத கலப்புக் குடும்பத்துப் பிள்ளை உண்டா? "நீ அப்பா ஆளா, அம்மா ஆளா?"

யார் சொல்வது சரி? இதற்குப் பதில் சொல்வதற்கு முன், நம் வீட்டுக் கதைகளைப் பார்க்க வேண்டும்.

கடோற்கசன் கதை

பீமன் மனிதன். இடும்பி அரக்கி. இருவருக்கும் பிறந்தவன் கடோற்கசன்.

அவனை யாரும் "பாதி அரக்கன்" என்று சொல்வதில்லை. "பீமன் மகன்" என்கிறோம். "இடும்பி மகன்" என்கிறோம். இரண்டும் முழுப் பெயர்.

1957-ம் ஆண்டு வந்த "மாயா பஜார்" படத்தில் எஸ். வி. ரங்காராவ் கடோற்கசனாக நடித்தார். தியேட்டரில் குழந்தைகள் கைதட்டினார்கள். அரக்கியின் மகன் என்று யாரும் பயப்படவில்லை.

அவன் தாய் இடும்பிக்கு இமயமலையில், மணாலி என்ற ஊரில் கோவிலே இருக்கிறது. 1553-ம் ஆண்டு கட்டிய மரக் கோவில். அங்கே அவள் அரக்கி இல்லை. தெய்வம்!

அர்ச்சுனனுக்கும் நாக கன்னி உலூபிக்கும் பிறந்தவன் அரவான். பாண்டவர் வெற்றிக்காகத் தன்னையே பலி கொடுத்தவன். உளுந்தூர்ப்பேட்டை அருகே கூவாகத்தில் சித்திரை மாதம் அவனுக்குத் திருவிழா நடக்கிறது. திருநங்கையர் நாடெங்கும் இருந்து வந்து கூடுகிறார்கள்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பழனி இடும்பனைத் தெரியாமல் இருக்காது. இவன் அசுரன். இரண்டு மலைகளைக் காவடியாகத் தூக்கி வந்தவன். முருகனோடு சண்டை போட்டு உயிரை விட்டான். பிறகு முருகன் அருளால் உயிர் பெற்றுக் காவல் நின்றான். பழனி மலை ஏறும் வழியில் அவனுக்குச் சன்னதி உண்டு. காவடி எடுத்துப் போகிறவர்கள் அசுரனைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆண்டவனைக் கும்பிடுகிறார்கள்.

சூரபத்மன் என்ன ஆனான்? மயிலாகவும் சேவலாகவும் ஆனான். ஒன்று முருகனுக்கு வாகனம். மற்றொன்று கொடி. எதிரிக்கும் இடம் கிடைத்தது.

பிரகலாதன் யார்? இரணியன் மகன். அசுர குலத்தில் பிறந்தவன். அவனை விடப் பெரிய பக்தன் யார்?

பிறப்பு வேறு, நடத்தை வேறு என்பதை நம் பாட்டிகள் கதையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

நம்மிடமும் முள் உண்டு

உண்மையை மறைக்கக் கூடாது. நம் கதைகளிலும் முள் இருக்கிறது.

கடோற்கசன் பாண்டவர்களுக்காகப் போரிட்டான். 14-ம் நாள் இரவுப் போரில் கர்ணனின் சக்தி ஆயுதத்துக்குப் பலியானான். அதனால் அர்ச்சுனன் உயிர் தப்பினான். பாண்டவர்கள் அழுதார்கள். ஆனால் வியாச பாரதத்தில் கண்ணன் மகிழ்ச்சி அடைகிறான். "கர்ணன் இவனைக் கொல்லாவிட்டால் நானே கொல்ல வேண்டி இருந்திருக்கும்" என்ற பொருளில் பேசுகிறான். வேள்விக்குப் பகைவன் என்பது காரணம்.

உழைக்கும் வரை "நம் பிள்ளை". உயிர் போன பிறகு "அரக்கன்"! இந்த இடத்தைப் படிக்கும்போது பலருக்கும் மனம் கனக்கிறது. கனக்கத்தான் வேண்டும்.

நாடக மேடையிலும் சினிமாவிலும் பாருங்கள். அரக்கன் என்றால் முகத்தில் கரி பூசுகிறார்கள். அடியாள் என்றால் கறுத்த ஆளைத் தேடுகிறார்கள். கறுப்பு நிறம் நம் ஊர் வெயிலின் நிறம். நம் தாய் தகப்பன் நிறம். அதையே கெட்டவனின் நிறமாக்கி, நம் பிள்ளைகளுக்கே காட்டுகிறோம்!

அமெரிக்கக் கம்பெனி வெளுத்ததை நல்லதாகவும் கறுத்ததைக் கெட்டதாகவும் எழுதியது என்று சிரித்தோமே? நாம் மட்டும் என்ன செய்தோம்?

விளையாட்டு சட்டமானால்...

"இதெல்லாம் விளையாட்டுதானே! கதைதானே! இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. பதில் நம் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1871-ம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குக் "குற்றப் பரம்பரைச் சட்டம்" என்று பெயர். 1911-ம் ஆண்டு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்தவர்கள் எல்லோரும் பிறவியிலேயே குற்றவாளிகள் என்பது அந்தச் சட்டத்தின் கருத்து. கைரேகை வைக்க வேண்டும். போலீசில் பதிய வேண்டும். ஊர் விட்டு ஊர் போக அனுமதி வாங்க வேண்டும். திருடினாயா என்று கேட்பதே இல்லை. யாருக்குப் பிறந்தாய் என்று கேட்டால் போதும்!

உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் என்று ஓர் ஊர். அந்த ஊர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. 15-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு.

1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. 1952-ம் ஆண்டு நாடு முழுவதும் ஒழிந்தது. "திருடன்" என்ற சீட்டைப் பிறந்த குழந்தையின் நெற்றியில் ஒட்டி, கிழிக்க விடாமல் வைத்திருந்த ஆட்டம் அது.

விளையாட்டில் உள்ள எண்ணமும் சட்டத்தில் உள்ள எண்ணமும் ஒன்றுதான். ஒன்று பகடையில் உருள்கிறது. மற்றொன்று துப்பாக்கியில் வெடிக்கிறது. அதனால்தான் விளையாட்டு என்று விட்டுவிட முடியவில்லை.

சொல் குத்தினால் எப்படி வலிக்கும் என்பது தமிழனுக்குத் தெரியும். மலேசியாவில் "இண்டர்லோக்" என்ற நாவலைப் பள்ளிப் பாடமாக வைத்தார்கள். தமிழர்களின் முன்னோரைக் குறிப்பிட்ட சில சொற்கள் இழிவாக இருக்கின்றன என்று அங்கே உள்ள தமிழர்கள் கொதித்தார்கள். 2011-ம் ஆண்டு அந்த நூலைப் பாடத்திட்டத்தில் இருந்து எடுத்தார்கள். "கதைதானே" என்று அன்று தமிழர்கள் சும்மா இருக்கவில்லை!

போத்தனூர் சொல்லும் பாடம்

கோவைக்குப் பக்கத்தில் போத்தனூர். அங்கே ரயில்வே வேலைக்கு வந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றன. ஐரோப்பிய ரத்தமும் இந்திய ரத்தமும் கலந்த மக்கள்.

முன்பு அவர்களைப் "பாதிச் சாதி" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் வெள்ளைக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். நம்மவர்கள் "சட்டைக்காரர்" என்றார்கள். இருவரும் அவர்களைத் தங்கள் வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை.

1911-ம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் "ஆங்கிலோ-இந்தியர்" என்பது சர்க்கார் பெயர் ஆயிற்று. 1950-ம் ஆண்டு வந்த அரசியல் சட்டத்தில் அவர்கள் யார் என்பதற்கு விளக்கம் எழுதினார்கள். நாடாளுமன்றத்தில் இரண்டு பேரை நியமிக்கவும் வழி செய்தார்கள். அந்த நியமன முறை 2020-ம் ஆண்டு ஜனவரியில் முடிவுக்கு வந்துவிட்டது. அது தேவையா, இல்லையா என்பது வேறு விவாதம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இழிவான சொல்லை எடுத்தார்கள். ஆனால் ஆளை எடுக்கவில்லை. நல்ல பெயர் கொடுத்தார்கள். பெயரோடு நாற்காலியும் கொடுத்தார்கள்.

இதுதான் சரியான வழி.

அமெரிக்கக் கம்பெனி "பாதி" என்ற சொல்லை எடுத்தது சரி. அந்தப் பிள்ளையின் இடத்தையும் சேர்த்து எடுத்தது சரி இல்லை. வீட்டு வாசலில் தப்பான பெயர்ப் பலகை தொங்கினால், பலகையை மாற்ற வேண்டும். வீட்டை இடிக்கக் கூடாது!

பெருமாநல்லூர் தெருவில்

இனி நம் ஊருக்கு வருவோம்.

திருப்பூருக்கு வடக்கே, சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது பெருமாநல்லூர். பங்குனி மாதம் கொண்டத்துக் காளியம்மன் கோவில் குண்டம் என்றால் சுற்று வட்டாரமே திரண்டு வரும். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். ஷிப்டு முடிந்தால் ரோடு நிறைய ஜனங்கள்.

தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று இந்த வட்டாரத்தில் வேலை செய்கிறவர்கள் பல ஊர்க்காரர்கள். மதுரை, தேனிப் பக்கம் இருந்து வந்தவர்கள் உண்டு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமில் இருந்து வந்தவர்கள் உண்டு. குடும்பத்தோடு லைன் வீட்டில் குடியிருப்பவர்கள் உண்டு. இங்கேயே ஒருவரை ஒருவர் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. அப்பா ஒடியா பேசுவார். அம்மா தமிழ் பேசுவாள். பிள்ளை இரண்டும் பேசும். சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தெருவில் ஆடுவார்கள்.

அங்கே என்ன சொல் காதில் விழுகிறது?

"வடக்கன்." "இந்திக்காரன்."

அசாம்காரரின் தாய்மொழி இந்தி இல்லை. ஒடிசாக்காரரின் தாய்மொழி இந்தி இல்லை. வங்காளிக்கும் இல்லை. இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே பெயர். ஓர்க் என்று எழுதி ஒரு கூட்டத்தையே ஒரே கட்டத்தில் அடைத்தார்களே, அது போலத்தான் இதுவும்.

எண்ணிப் பாருங்கள். தெருவில் திருடன் - போலீஸ் ஆட்டம் நடக்கிறது. சீட்டுப் போடவில்லை. "அவன்தான் வடக்கன். அவனே திருடனாக இருக்கட்டும்" என்று ஒரு பையன் சொல்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நாளைக்கும் அவனே திருடன். மறுநாளும் அவனே திருடன்.

அப்பா ஒடியா, அம்மா தமிழ் என்றால்? "நீ பாதிதானே! பாதித் திருடன்!" என்று கேலி.

அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன கேட்கும்? "அம்மா, நான் யார்?" என்று கேட்கும். ஏழு வயசுப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வியா இது? அடுத்த நாள் அப்பா தெருவில் ஒடியாவில் கூப்பிட்டால், காது கேட்காதது போல அது ஓடிவிடும். பெற்ற அப்பாவின் பேச்சையே பிள்ளை மறைத்து வைக்கிறது. ஒரு சொல் இவ்வளவு தூரம் வேலை செய்யும்!

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் என்ன நடந்தது என்பது திருப்பூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் செல்போனில் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. செய்தி பொய் என்று தெரிந்தது. ஆனால் ஒரு பொய்யை இத்தனை பேர் எப்படி நம்பினார்கள்? தினமும் தெருவில் கேட்ட கேலிச் சொல், பொய்க்கு வழி வெட்டி வைத்திருந்தது என்று சொன்னால் தப்பு இல்லை.

அடுத்த வருஷம், 2024-ல், வட மாநிலத் தொழிலாளியைப் பற்றிய ஒரு தமிழ்ப் படம் வெளிவந்தது. பாஸ்கர் சக்தி இயக்கியது. அதற்கு முதலில் வைத்த பெயர் "வடக்கன்". தணிக்கைக் குழு அந்தப் பெயரை ஏற்கவில்லை. படம் "ரயில்" என்ற பெயரில் வந்தது. சொல் மாறியது. அந்தத் தொழிலாளி கதையில் அப்படியே இருந்தான். சொல்லை எடுத்தால் ஆளையும் எடுக்க வேண்டியது இல்லை என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

சொல் மாறினால் சோறு வருமா?

"பெயரை மாற்றிவிட்டால் கூலி கூடுமா? லைன் வீட்டுக்குத் தண்ணீர் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு.

உண்மைதான். சொல் மட்டும் மாறினால் போதாது. ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும். ஆஸ்பத்திரியில் மரியாதை வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. யாரை "அவன்கள்" என்று ஒதுக்கி வைக்கிறோமோ, அவர்களுக்குக் கூலி குறைந்தால் நமக்கு உறைக்காது. முதலில் பெயரைப் பிடுங்குவார்கள். பிறகுதான் மற்றதைப் பிடுங்குவார்கள். ஆகவே பெயரைத் திருப்பிக் கொடுப்பதில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

"வெளியூர்க்காரன் வந்து வேலையைப் பிடித்துக்கொண்டான்" என்ற கோபமும் சிலருக்கு உண்டு. அந்தக் கோபத்தைப் பேசித் தீர்க்க வேண்டிய இடம் கம்பெனி, தொழிற்சங்கம், சர்க்கார். ஏழு வயசுப் பிள்ளை விளையாடும் தெரு இல்லை.

என்ன செய்யலாம்?

பெற்றோரும் ஆசிரியர்களும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எதற்கும் பணம் வேண்டாம்.

பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள். ஊரைச் சொல்லியோ, மொழியைச் சொல்லியோ, நிறத்தைச் சொல்லியோ கூப்பிட வேண்டாம். பெரியவர்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறார்களோ, அப்படித்தான் பிள்ளை தெருவில் பேசும்.

விளையாட்டில் வேடத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். திருடன் வேடம் எல்லோருக்கும் வரட்டும். ராஜா வேடமும் எல்லோருக்கும் வரட்டும்.

கதை சொல்லும்போது, கெட்டவன் என்ன செய்தான் என்று சொல்லுங்கள். எந்தக் குலத்தில் பிறந்தான் என்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். இராவணன் அடுத்தவன் மனைவியைத் தூக்கியதால் கெட்டான். அரக்கனாகப் பிறந்ததால் கெடவில்லை. விபீஷணனும் அதே வயிற்றில் பிறந்தவன்தானே!

பிள்ளை செல்போனில் ஆடும் ஆட்டத்தை ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதில் கெட்டவனுக்கு என்ன நிறம்? என்ன முகம்? பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளை யோசிக்கும். யோசித்தால் போதும்.

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் கறுத்த பிள்ளைக்கு எப்போதும் அரக்கன் வேடம், வெளுத்த பிள்ளைக்கு எப்போதும் ராஜகுமாரி வேடம் என்ற வழக்கத்தை விடுங்கள்.

முக்கியமாக, இரண்டு ஊர்ப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையைப் "பாதி" என்று சொல்லாதீர்கள். "இரண்டும்" என்று சொல்லுங்கள். அதற்கு இரண்டு மொழி. இரண்டு ஊர்ப் பண்டிகை. இரண்டு பாட்டி. மற்றப் பிள்ளைகளை விட அதற்கு ஒன்று கூடத்தான்!

திருப்பூர்க்காரர்களுக்கு மெலாஞ்சு துணி தெரியும். பல நிறப் பஞ்சைக் கலந்து நூற்ற நூலில் நெய்வது. அந்தத் துணியை யாராவது "பாதித் துணி" என்று சொல்கிறார்களா? அது தனி ரகம். அதற்குத் தனி விலை. அதில் எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரித்து எடுக்க எந்த மெஷினாலும் முடியாது.

துணிக்குக் கொடுக்கிற மரியாதையைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதா?